ரெண்டரை வயசுல பாத்த சுனாமி ஞாபகம் இருக்குன்னா யாரும் நம்ப மாட்றாங்க

தேவனாம்பட்டினத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் பொறந்தது 2002 ஜூலை, அப்படின்னா 2004 டிசம்பர் 26 அன்னைக்கு எனக்கு ரெண்டரை வயசு கூட முடியல. ஆனா அன்னைக்கு நடந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. மொட்டை மாடி, அம்மா இடுப்புல நான், ஊதா சட்டை போட்டிருக்கேன், கீழ தெரு பூரா கருப்பு தண்ணி, அதுல ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் சுத்திக்கிட்டே போகுது, பின்னாடி யாரோ ஏறு ஏறுன்னு கத்துறாங்க. அவ்ளோதான், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. இதை ரூம்ல பசங்ககிட்ட சொன்னா ஒரே கிண்டல், டிவில பாத்தது மச்சான், இல்லன்னா உங்க ஆயா சொன்னது, அதை நீயே பாத்த மாதிரி ஆக்கிக்கிட்டன்னு. டிவில பச்சை குடமா காட்டுனாங்க? வீட்லயும் குடத்தைப் பத்தி யாரும் சொன்னது இல்ல. இது என்னோட ஞாபகம்தானான்னு கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, கலாய்க்கிறவங்க தள்ளி நில்லுங்க.

சும்மா_ஒருத்தன்:
நேத்து நைட்டு கேஸ் ஆஃப் பண்ணேனான்னே இன்னும் டவுட்டுல இருக்கேன். தம்பி நீங்க டிஎன்பிஎஸ்சி எழுதுங்க, திறமை வீணா போகுது.

கெடிலக்கரை:
தம்பி, நான் பாண்டில சைக்காலஜி சொல்லிக் குடுக்குறவ, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். பெரியவங்களைக் கூப்பிட்டு உங்க முதல் ஞாபகம் எதுன்னு கேட்டா சராசரியா மூணு, மூணரை வயசுல நடந்ததைத்தான் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி உள்ளது பெரும்பாலும் காலி. ஆனா சராசரிதான் அது, ஆளுக்கு ஆள் மாறும், வளர்ப்புக்கும் மாறும். நியூசிலாந்துல 2000-ல ஒரு ஆய்வு வந்துச்சு, அங்க மாவோரி மக்களோட முதல் ஞாபகம் சராசரியா 2.7 வயசு, ஐரோப்பிய வம்சாவளி ஆளுங்களுக்கு 3.6, ஆசிய வம்சாவளிக்கு 4.8. மாவோரி வீடுகள்ல பழசைப் பேசுறதுக்கு ரொம்ப மரியாதை, குழந்தைங்ககிட்டயும் நடந்ததை விவரமா பேசுவாங்க, அதனால இருக்கலாம்னு சொல்றாங்க. அம்மா புள்ளைகிட்ட "அன்னைக்கு கடற்கரைல என்ன பாத்த, அப்புறம் என்ன ஆச்சு"ன்னு கேட்டுக் கேட்டு பேசுற வீட்ல புள்ளைக்கு ஞாபகமும் நல்லா நிக்குது.

ஏன் காலின்னா, சின்ன வயசுல மூளைல ஞாபகத்தைப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ்னு சொல்ற இடத்துல புது செல் நிறைய முளைக்குது. 2014-ல டொரண்டோ ஆளுங்க எலிகள்ல செஞ்சு பாத்தாங்க, அந்த புது செல் வளர்றதைக் கூட்டுனா பழைய ஞாபகம் அழியுது, குறைச்சா குட்டிங்களுக்கும் நிக்குது. அது எலி, நாம எலி இல்ல, ஆனா யோசிக்க வேண்டிய விஷயம்.

உங்களுக்கு சாதகமா ஒண்ணும் இருக்கு. அதே நியூசிலாந்துல, ஒரு பெட்டி, பெரிய பொம்மையை உள்ள போட்டா சின்ன பொம்மையா வெளிய வரும், அந்த மாதிரி மாய மெஷின் ஒண்ணைப் பண்ணி ரெண்டு மூணு வயசு புள்ளைங்களை விளையாட விட்டாங்க. ஆறு வருஷம் கழிச்சு கேட்டா கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு புள்ளைக்கு ஞாபகம் இருந்துச்சு, அதுல மூணு வயசு ஆகாதப்ப விளையாடுனதும் உண்டு. அதனால ரெண்டரை வயசுன்னா நடக்கவே நடக்காதுன்னு உங்க ரூம் பசங்க சொல்ல முடியாது.

ஆனா ஒரு கேள்வி. அம்மா இடுப்புல இருக்குற புள்ளைக்கு தன்னோட சட்டை கலர் எப்படித் தெரிஞ்சுது? நீங்க அந்தக் காட்சியை உங்க கண்ணு வழியா பாக்குறீங்களா, இல்ல உங்களையே வெளிய இருந்து பாக்குறீங்களா?

தேவனாம்பட்டினத்தான்:
அக்கா இந்தக் கேள்வில மாட்டிகிட்டேன். யோசிச்சா என்னை நானே பாக்குறேன். பின்னாடி இருந்து, கொஞ்சம் மேல இருந்து. அப்ப பொய்யா?

கெடிலக்கரை:
அவசரப்படாதீங்க. 1983-லயே நிக்ரோ, நைசர்னு ரெண்டு பேர் இதைப் பாத்திருக்காங்க. பழைய ஞாபகம்னா நிறைய பேர் தன்னை வெளிய இருந்துதான் பாக்குறாங்க, நிஜமா நடந்த விஷயத்துலயும் அப்படித்தான். வெளிய இருந்து பாக்குறதால பொய்னு ஆகாது, ஆனா அந்தப் படம் அப்ப எடுத்தது இல்ல, பின்னாடி வரைஞ்சதுன்னு மட்டும் தெரியுது. எதை வச்சு வரைஞ்சீங்கங்கறதுதான் விஷயம்.

உங்க கேஸ் மாதிரியே ஒரு பெரிய மனுஷனோட கதை இருக்கு. ஜான் பியாஜே, குழந்தைங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு வாழ்நாள் பூரா ஆராய்ச்சி பண்ணவரு. ரெண்டு வயசுல பாரிஸ்ல தள்ளுவண்டில அவரைத் தூக்கிட்டுப் போகப் பாத்தாங்களாம், ஆயாம்மா சண்டை போட்டுக் காப்பாத்துனாங்களாம், அந்தம்மா மூஞ்சில விழுந்த கீறல் வரைக்கும் அவருக்கு ஞாபகம். அவருக்குப் பதினஞ்சு வயசு இருக்கும்போது அந்தம்மாகிட்ட இருந்து வீட்டுக்கு லெட்டர் வருது, அதெல்லாம் நான் கட்டுன கதை, மன்னிச்சுடுங்கன்னு, பரிசா குடுத்த வாட்சையும் திருப்பி அனுப்பிட்டாங்க. நடக்காத சம்பவத்தைத்தான் அவர் அத்தனை வருஷம் கண்ணால பாத்துகிட்டு இருந்திருக்காரு.

முத்தியால்பேட்டை_பெரியவர்:
இந்த இழையை நேற்று முழுக்கப் படித்தேன். நான் 1950-இல் பிறந்தவன். புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு நாலு வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதைப் பார்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கையில் கல்கண்டு கொடுத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பதினைந்து நாள் முன்னால் கீழூரில் 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு 170 பேர் இந்தியா பக்கம் என்று முடிவானது, அது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது, அதை ஞாபகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொடியைப் பார்த்தது நான்.

கெடிலக்கரை:
ஐயா, நாலு வயசுன்னா தாராளமா இருக்கலாம், அதுவும் ஊரே திரண்ட நாள். ஒரே ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. 1962 ஆகஸ்ட் 16-ல சட்டப்படி ஒப்படைச்சாங்க இல்லையா, அப்ப உங்களுக்குப் பன்னெண்டு வயசு, கொடி, மிட்டாய் எல்லாம் அப்பவும் இருந்திருக்குமே?

முத்தியால்பேட்டை_பெரியவர்:
பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எந்த அப்பா தோளில் தூக்குவான் அம்மா?

சும்மா_ஒருத்தன்:
ஐயா அடிச்ச அடில அக்கா சைலன்ட் 😄

கெடிலக்கரை:
அது சரியான பாயிண்ட் ஐயா, தோள்ங்கறது நல்ல ஆதாரம், ஒத்துக்குறேன். கல்கண்டு எந்த வருஷத்துதுங்கறதை மட்டும் நான் தனியா வச்சுக்குறேன் 🙂

முந்திரிக்காடு:
இங்க ஒரு பஞ்சாயத்து இருக்கு தீத்து வைங்க. நாங்க பண்ருட்டி பக்கம், தானே புயல் அடிச்ச அன்னைக்கு 2011 டிசம்பர் 30 வெள்ளிக்கிழமை காலைல, எங்க அப்பா தோப்புல மாட்டிகிட்டாரு, மரம் எல்லாம் வேரோட சாய்ஞ்சு ரோடே இல்ல, மத்தியானம் மழை விட்டப்புறம் அவரு டிராக்டர்ல வந்து இறங்குனாரு நான் வாசல்ல நின்னு பாத்தேன் தலைல சாக்கு போட்டிருந்தாரு, இப்ப எங்க அண்ணன் சொல்றான் அப்பா நடந்துதான் வந்தாரு சாயங்காலம்தான் வந்தாரு, சாக்கு எல்லாம் இல்ல, அப்ப டிராக்டர் எங்க ஓடும் ரோட்ல மரம் கெடக்குதேன்னு. ஒரே வீடு ஒரே வாசல், ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்துல நின்னோம். அப்பா இல்ல இப்ப, கேக்க முடியாது. அம்மாகிட்ட கேட்டா அன்னைக்கு நான் அடுப்பு பத்த வைக்க காய்ஞ்ச விறகு தேடிகிட்டு இருந்தேன் போங்கடாங்குது. எனக்கு டிராக்டர் சத்தம் இன்னும் காதுல கேக்குது, 100 பர்சன்ட் உறுதி.

கெடிலக்கரை:
அந்த 100 பர்சன்ட்தான் ஆபத்து. 1977-ல பிரவுன், குலிக்னு ரெண்டு பேர் ஒரு பேர் வச்சாங்க, ஃப்ளாஷ்பல்ப் மெமரி. கென்னடியைச் சுட்ட செய்தி கேட்டப்ப எங்க இருந்தோம், யார் சொன்னாங்கன்னு அமெரிக்காக்காரங்க எல்லாம் போட்டோ மாதிரி சொன்னதைப் பாத்து, பெரிய அதிர்ச்சி வந்தா மூளை அப்படியே கிளிக் பண்ணிடுதுன்னு சொன்னாங்க. ரொம்ப பேர் நம்புனாங்க.

அப்புறம் 1986 ஜனவரி 28, சேலஞ்சர் விண்கலம் கிளம்புன 73 செகண்ட்ல வெடிச்சுது. அட்லாண்டாவுல எமரி யுனிவர்சிட்டில உல்ரிக் நைசர் ஒரு வேலை பண்ணாரு, மறுநாள் காலைலயே கிளாஸ்ல 106 ஸ்டூடண்ட்ஸ்கிட்ட எப்படிக் கேள்விப்பட்டீங்க, எங்க இருந்தீங்க, கூட யாருன்னு எழுதி வாங்கி வச்சுட்டாரு. ரெண்டரை வருஷம் கழிச்சு அதுல 44 பேரைப் பிடிச்சு மறுபடி எழுதச் சொன்னாங்க. ஏழு மார்க்குக்கு சராசரி மூணு கூட வரல. 11 பேருக்கு முட்டை, ஒண்ணு கூட ஒத்துப் போகல. ஆனா எவ்ளோ உறுதின்னு கேட்டா அஞ்சுக்கு நாலுக்கு மேல. கிளாஸ்ல யாரோ பேசிக்கிட்டதைக் கேட்டுத் தெரிஞ்சுகிட்டவ, ரூம்ல டிவில பாத்தேன்னு எழுதுறா. முதல்ல டிவில பாத்ததா சொன்னவங்க அஞ்சுல ஒருத்தர், ரெண்டரை வருஷத்துல அது பாதிக்குப் பக்கத்துல வந்துடுச்சு. அவங்க கையெழுத்தையே எடுத்துக் காட்டுனாங்க, அப்பவும் பழைய ஞாபகம் திரும்பல, முழிச்சாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, அந்தப் பொண்ணு டிவி பாத்ததும் நிஜமா இருக்கலாம், அன்னைக்கு சாயங்காலம் பாத்திருப்பா. ரெண்டாவது நடந்தது முதல்ல நடந்த இடத்துல போய் உக்காந்துகிச்சு. உங்க அப்பா வேற நாள், ரோடு கிளியர் பண்ணப்புறம் டிராக்டர்ல வந்திருக்கலாம் இல்லையா? தானேக்கு அப்புறம் வாரக்கணக்குல கரண்ட் இல்ல, மரம் அறுக்கறதும் இழுக்கறதுமாத்தான் இருந்துச்சு, டிராக்டர் சத்தம் இல்லாத நாள் உண்டா அப்ப?

முந்திரிக்காடு:
சாக்கு?

கெடிலக்கரை:
சாக்குக்கு என்கிட்ட பதில் இல்ல 😅

சோனாங்குப்பம்_பொண்ணு:
எல்லாத்தையும் படிச்சிகினு வந்தேன். ஒண்ணு கேக்கணும். எங்க சின்ன ஆயாவை சுனாமில எடுத்துகினு போச்சு. நான் பன்னெண்டு வயசு. யாரு கையைப் பிடிச்சேன், எந்த வேலிகிட்ட விட்டேன், எல்லாம் தெரியும். இப்ப நீங்க படிச்சவங்க வந்து அமெரிக்காவுல யாரோ டிவி பாத்ததை மாத்தி எழுதுனாங்க, அதனால உங்க ஞாபகமும் கதைன்னு சொல்லுவீங்களா? கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போனாங்க. எழுதி வாங்கி வச்சுட்டா போனாங்க?

கெடிலக்கரை:
இல்லம்மா, அப்படிச் சொல்லவே மாட்டேன், நீங்க கேட்டதும் நல்லதாப் போச்சு. செய்தி கேட்டது வேற, உள்ள மாட்டினது வேற. இதையும் அதே நைசர்தான் பாத்தாரு. 1989 அக்டோபர் 17-ல கலிஃபோர்னியால லோமா பிரீட்டா நிலநடுக்கம். அதுல நேரா மாட்டின பெர்க்லி, சான்டா குரூஸ் ஸ்டூடண்ட்ஸ்கிட்டயும், அட்லாண்டாவுல உக்காந்து டிவில பாத்தவங்ககிட்டயும் உடனே எழுதி வாங்கி, ஒன்றரை வருஷம் கழிச்சு திரும்பக் கேட்டாங்க. அட்லாண்டா ஆளுங்களுக்கு ஏகப்பட்ட மாத்தம். நிலநடுக்கத்துல இருந்தவங்க சொன்னது கிட்டத்தட்ட அப்படியே இருந்துச்சு. தன் உடம்புக்கு நடந்தது, அதை ஊர்ல அத்தனை பேருகிட்ட சொல்லிச் சொல்லி வந்தது, ரெண்டும் சேர்ந்து பிடிச்சுக்குது.

அப்பவும் ஓரத்துல சிலது நகரும், மணி என்ன, யார் முதல்ல ஓடுனாங்க, அந்த மாதிரி. நடுவுல இருக்குறது நிக்கும். நீங்க பிடிச்ச கையை யாரும் சந்தேகப்பட முடியாது.

சோனாங்குப்பம்_பொண்ணு:
சரிக்கா. அப்ப எனக்கு ஒரு டவுட்டு, அன்னைக்கு நான் அழுதேனா இல்லையான்னு எனக்குத் தெரியல. அழவே இல்லன்னு எனக்குத் தோணுது. அம்மா, நீ மூணு நாள் வாய் ஓயாம அழுதன்னு சொல்லுது.

கெடிலக்கரை:
இது ஆராய்ச்சிலயும் அப்படியேதான் வருது. நியூயார்க்ல 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் அமெரிக்காவுல 3000-க்கும் மேல ஆளுங்ககிட்ட எழுதி வாங்கி, அதுல கிடைச்சவங்களைப் பத்து வருஷம் வரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்டாங்க. எங்க இருந்தேன், யார் சொன்னாங்கங்கறதை விட, அப்ப என்ன மனநிலைல இருந்தேங்கறதுதான் அதிகமா மாறிப் போயிருந்துச்சு. இப்ப எப்படி இருக்கோமோ அதை வச்சு அப்ப இருந்ததை நினைச்சுக்குறோம். இன்னொண்ணும் பாத்தாங்க, மாறுறது பெரும்பாலும் முதல் வருஷத்துல மாறிடுது, அப்புறம் அப்படியே கெட்டியாயிடும், தப்பும் சேர்ந்துதான்.

சுண்டல்_பொட்டலம்:
நானும் தேவனாம்பட்டினம்தான், தம்பியை விட இருபது வயசு மூப்பு. எல்லாரும் மூளைக்குள்ள போறீங்க, நான் தெருவுக்கே போறேன். தம்பி, எந்த மொட்டை மாடி? 2004-ல நம்ம கடலோரத் தெருவுல எல்லாம் கூரை வீடு, ஓட்டு வீடு. இப்ப இருக்குற கான்கிரீட் வீடெல்லாம் சுனாமிக்கு அப்புறம் கட்டிக் குடுத்தது. மாடின்னு இருந்தது விரல் விட்டு எண்ணலாம், பள்ளிக்கூடம் ஒண்ணு, அப்புறம் ரெண்டு மூணு வசதியான வீடு. தண்ணி வந்தப்ப காலைல எட்டு எட்டரை, ஞாயித்துக்கெழமை, மாடி ஏற எவனுக்கும் டைம் இல்ல, மேற்கால ஓடுனோம். மாடி ஏறுனது வேற நாள். டிசம்பர் 30, மத்திய அரசுல இருந்து மறுபடி அலை வரலாம்னு எச்சரிக்கை வந்துச்சு, ரேடியோ டிவி எல்லாம் அதான், கரையோரம் பூரா அலறி ஓடுச்சு, கடைசில ஒண்ணும் வரல. அன்னைக்குத்தான் புள்ளைகுட்டியைத் தூக்கிகிட்டு கெடைச்ச மாடில ஏறுனாங்க, ஏறு ஏறுன்னு கத்துனதும் அன்னைக்குத்தான். நீங்க பாத்தது அதா இருந்தா கீழ தண்ணி ஓடிருக்காது. எங்கயாவது பள்ளத்துல தேங்கி இருந்திருக்கும்.

கெடிலக்கரை:
ஐயோ இது நான் யோசிக்கவே இல்ல. 30-ஆம் தேதி. அதே தேதிதான் ஏழு வருஷம் கழிச்சு தானேயும். தம்பிக்கு அப்ப ஒன்பது வயசு, அப்பவும் தெருவுல தண்ணி, அப்பவும் ஓட்டம்.

தம்பி அம்மாகிட்ட கேளுங்க, ஆனா எப்படிக் கேக்கணும்னு சொல்லிடறேன். "மாடில நின்னோம் இல்ல, பச்சை குடம் போச்சு இல்ல"ன்னு கேக்காதீங்க. எலிசபெத் லாஃப்டஸ்னு ஞாபகத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க 1974-ல கார் மோதுற ஃபிலிமைப் போட்டுக் காட்டி, ஒரு குரூப்கிட்ட கார் "நொறுங்க மோதுச்சே" எவ்ளோ வேகம்னு கேட்டாங்க, இன்னொரு குரூப்கிட்ட சாதாரணமா இடிச்சதுன்னு கேட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு கண்ணாடி உடைஞ்சுதான்னு கேட்டா முதல் குரூப்ல 32 பர்சன்ட் ஆமாங்குது, அடுத்ததுல 14. ஃபிலிம்ல உடைஞ்ச கண்ணாடியே கிடையாது. கேள்விலயே ஞாபகம் ஏறிடும். அம்மாவையும் சித்தியையும் தனித்தனியா கேளுங்க, சும்மா "அந்த வாரம் என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லு"ன்னு. நடுவுல பேசாதீங்க. முடிஞ்சா போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, சொல்லிட்டுப் பண்ணுங்க.

சும்மா_ஒருத்தன்:
நான் புரிஞ்சுகிட்டது, ஞாபகம்னா நேத்து வச்ச மீன் குழம்பு. ஒவ்வொரு வாட்டி சூடு பண்றப்பவும் கொஞ்சம் தண்ணி ஊத்துறோம், கொஞ்சம் உப்பு போடுறோம், நாலாம் நாள் அது வேற குழம்பு. சரியா அக்கா?

கெடிலக்கரை:
மோசம் இல்ல. 2000-ல நாடர்னு ஒருத்தர் குழுவோட எலில காட்டுனது கிட்டத்தட்ட அதுதான். பயந்த ஞாபகத்தை மறுபடி கிளப்பி விட்ட உடனே மூளைல புரோட்டீன் உண்டாகறதைத் தடுக்குற மருந்து குடுத்தா, அந்த ஞாபகம் திரும்பப் பதியல. எடுத்தா மறுபடி சேர்த்து வைக்கணும், வைக்கிறப்ப மாறலாம். மனுஷனுக்கு எந்த அளவுக்குன்னு இன்னும் சண்டை நடக்குது.

தேவனாம்பட்டினத்தான்:
கேட்டுட்டேன். முதல்ல சித்தி, போன்ல. அன்னைக்குக் காலைல அம்மா என்னைத் தூக்கிகிட்டு மஞ்சக்குப்பம் பக்கம் ஓடுச்சாம், மாடி எதுவும் ஏறலயாம். ரெண்டு மூணு நாள் கழிச்சு ஒரு கல்யாண மண்டபத்துல தங்குனப்ப மறுபடி கூச்சல் வந்து மண்டப மாடிக்கு ஏறுனாங்களாம். அப்புறம் அம்மா, நைட்டு சாப்பிடறப்ப. அம்மாவும் மண்டப மாடி சொல்லுச்சு. ஆனா அம்மா சொல்லுது கீழ தண்ணி இருந்துச்சாம், மழைத் தண்ணியா கழுவுன தண்ணியா தெரியாதாம். ஊதா சட்டை ரெண்டு பேருக்குமே தெரியல, நிவாரணத்துல குடுத்த பழைய துணி ஏதோ போட்டிருந்தியாம், அவ்ளோதான். குடத்தை நான் கேக்கவே இல்ல, நீங்க சொன்ன மாதிரி வாயை மூடிகிட்டு இருந்தேன். கடைசில அம்மாவே சொல்லுது, மண்டபத்துல குடிக்கத் தண்ணி பிடிக்க ஆளுக்கொரு குடம் குடுத்தாங்க, நம்மளுது பச்சை, அதை வச்சுகிட்டு நீ தூங்குவ, யாரையும் தொட விடமாட்டன்னு.

சோனாங்குப்பம்_பொண்ணு:
அப்பாடா. குடம் நிஜம்.

சுண்டல்_பொட்டலம்:
குடம் நிஜம், மாடி நிஜம், தண்ணிலதான் கலப்படம். தண்ணி டிவியோடதா தானேவோடதா தெரியல.

கெடிலக்கரை:
எனக்கு ரொம்ப சந்தோஷம். ரெண்டரை வயசு மூளை அலையைப் பிடிக்கல, தன் கையில இருந்த குடத்தைப் பிடிச்சிருக்கு. மீதிக் கதையைப் பெரியவனானப்புறம் சேத்திருக்கீங்க. ஆனா இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, சொல்லாம இருக்க முடியல. அம்மாவும் சித்தியும் இருபது வருஷமா இதை ஒண்ணாப் பேசியிருப்பாங்க. 2003-ல ஸ்காட்லாந்துல ஒரு சோதனை, ரெண்டு ரெண்டு பேரா ஒரே சம்பவத்தோட ரெண்டு வேற வேற கோண வீடியோவைக் காட்டி, ஒரே வீடியோதான்னு நம்ப வச்சு, பேசிக்க விட்டாங்க. அப்படிப் பேசுனவங்கள்ல 71 பர்சன்ட், தான் பாக்காத ஒண்ணைப் பாத்ததா எழுதுனாங்க. கூட்டுச் சாட்சி ரெண்டு சாட்சி ஆகாது. ஆனா கேக்காத குடத்தை அம்மாவே சொன்னது எனக்குப் பெரிய விஷயம்.

முத்தியால்பேட்டை_பெரியவர்:
ஒரு கேள்வி. எல்லோரும் தேதியைப் போட்டு அடித்துக்கொள்கிறீர்கள். எங்கள் தலைமுறையில் பிறந்த தேதியே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்டதுதான். எனக்குக் கொடி ஞாபகம் இருக்கிறது, தேதியை நாளிதழில் படித்திருப்பேன். தேதி மட்டும் ஏன் மனதில் நிற்பதில்லை?

கெடிலக்கரை:
ஐயா அருமையான கேள்வி. வில்லெம் வாகனார்னு ஒரு டச்சுக்காரர் ஆறு வருஷம் தினமும் தனக்கு நடந்ததை யார், என்ன, எங்க, எப்பன்னு நாலா பிரிச்சு எழுதி வச்சாரு, 2400 சம்பவத்துக்குப் பக்கம். அப்புறம் ஒரு துப்பு மட்டும் பாத்து மீதியைச் சொல்லப் பாத்தாரு. "என்ன நடந்துச்சு"ங்கறதுதான் நல்லா இழுத்துட்டு வந்துச்சு, தேதியை மட்டும் குடுத்தா கிட்டத்தட்ட ஒண்ணுமே வரல. நமக்குள்ள காலண்டர் கிடையாது. தேதியை நாம பக்கத்துல இருக்குற பெரிய சம்பவத்தை வச்சுக் கணக்குப் போட்டுக்குறோம். அமெரிக்காவுல 1983-ல வந்த ஒரு ஆய்வுல, கடந்த ஆறு மாசத்துல உங்களுக்கு இது நடந்துச்சான்னு கேட்டா அதுக்கு முன்னாடி நடந்ததையும் இழுத்துப் போட்டு சொன்னாங்க, அதே ஆறு மாசம் முன்னாடி வெடிச்ச எரிமலையை வச்சு "செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடிச்சதுல இருந்து"ன்னு கேட்டதும் அந்தத் தப்பு குறைஞ்சுது.

இதைத்தான் நம்மூர்ல கணக்கெடுக்க வர்ற டீச்சருங்க காலங்காலமா பண்றாங்க, வயசு தெரியாத பாட்டிகிட்ட சுதந்திரம் வந்தப்ப உனக்கு நடக்கத் தெரியுமான்னு கேப்பாங்க. நாம பேசறதையே பாருங்க, அவளுக்கு கல்யாணம் தானேக்கு அடுத்த வருஷம், இவன் பொறந்தது நிவர் அடிச்சப்ப, வண்டி வாங்குனது ஃபெஞ்சலுக்கு முன்னாடி. நார்மன் பிரவுன்னு இன்னொரு பிரவுன், அவரோட குழு நாடு நாடா இதைக் கேட்டாங்க, போஸ்னியாவுல போருக்கு முன்ன பின்னன்னு, துருக்கில இஸ்மித் பக்கம் பூகம்பத்துக்கு முன்ன பின்னன்னு ஜனங்க தன் சொந்த வாழ்க்கையைச் சொன்னாங்க, ஆனா நியூயார்க்ல 2001 தாக்குதலை வச்சு அப்படிச் சொன்னவங்க ரொம்பக் கம்மி. செய்தி எவ்ளோ பெருசுங்கறது முக்கியம் இல்ல, வீடு, வேலை, தினப்படி சாப்பாடு மாறிப் போச்சான்னுதான் பாக்கணும். முந்திரி மரம் போனா வருமானம் போச்சு, அதான் பண்ருட்டி பக்கம் தானேன்னா வருஷக் கணக்காவே ஆயிடுச்சு.

முந்திரிக்காடு:
அக்கா அப்ப நீங்க சொன்ன மாதிரி அண்ணனைத் தனியா உக்கார வச்சு முதல்ல இருந்து சொல்லுடான்னு கேட்டேன், நடுவுல பேசவே இல்ல. அவன் சொல்றான் அப்பா சாயங்காலம் நடந்து வந்தாரு, கூட பக்கத்து தோப்புக்காரரு, கைல அரிவாள், தலைல தார்ப்பாய் போட்டிருந்தாரு. பாருங்க, முன்னாடி தலைல ஒண்ணும் இல்லன்னான், இப்ப தார்ப்பாய் வந்துடுச்சு! அந்தப் பக்கத்து தோப்புக்காரரு இருக்காரு, நாளைக்கு சந்தைல பாத்துக் கேக்குறேன்.

கெடிலக்கரை:
நீங்க முதல்ல டிராக்டர்னு சொல்லிடாதீங்க.

முந்திரிக்காடு:
கேட்டாச்சு. அன்னைக்கு நான் ஊர்லயே இல்லங்கறாரு, மாமியார் வீட்டுக்கு விருத்தாசலம் போயிருந்தாராம். சாட்சியும் போச்சு. டிராக்டர்தான், நான் மாத்திக்க மாட்டேன். அண்ணன் வேணா இந்த இழைல வந்து எழுதட்டும்.